எத்தனை கம்பம் தெரிகிறது?

சேலம் விமான நிலையத்தில் இருக்கும் நம் வானிலை அலுவலகத்தில் விமானிகள் வந்து உட்காரும் நாற்காலி, ஜன்னலுக்கு முதுகு காட்டியபடி போடப்பட்டிருக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள் அதைக் கவனித்திருப்பீர்கள். துப்புரவு செய்பவர் திருப்பிப் போட்டாலும் மறுநாள் அது பழையபடி இருக்கும். இட நெருக்கடி காரணமல்ல. எனக்கு முன்பு பொறுப்பில் இருந்த அதிகாரி அப்படிப் போட்டார். நான் மாற்றவில்லை. நான் ஓய்வு பெற்ற பிறகும் யாரும் மாற்றவில்லை என்று அறிந்ததில் மகிழ்ச்சி.

விமானி நம்மிடம் வரும்போது வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார். சேலத்தில் தங்கிய ஓட்டலிலிருந்து காரில் வரும் வழியெல்லாம் பார்த்திருக்கிறார். நம் படியேறும்போது அவர் மனம் பாதி பறந்துவிட்டிருக்கும். நாம் பேசும் சில நிமிடங்களாவது அந்த வானம் அவரிடம் குறுக்கே பேசாமல் இருக்கட்டும் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு.

காற்றையும் அழுத்தத்தையும் மேகத்தின் உயரத்தையும் எப்படி அளப்பது என்று பயிற்சியில் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. சென்ற வாரம் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். "எல்லா அறிக்கையும் விமானிகளுக்குக் கைபேசியிலேயே வந்துவிடுகிறதே மேடம், நம்மிடம் எதற்காக வருகிறார்கள்?"

நியாயமான கேள்வி. ஆனால் கைபேசியில் வருவது விமான நிலையங்களின் வானிலை. சேலத்தில் எப்படி, கோவையில் எப்படி, திருச்சியில் எப்படி என்று அது சொல்லும். ஆட்டையாம்பட்டிக்கு மேல் என்ன இருக்கிறது, எடப்பாடி வயல்களின் மேல் என்ன படுத்திருக்கிறது என்று யாரும் அறிக்கை வெளியிடுவதில்லை. விமானங்களோ அவற்றின் மேல்தான் பறக்கின்றன. சில சமயம் அங்கேயே இறங்கவும் வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு விதி. "போகலாமா?" என்று விமானி கேட்பார். அதற்கு நாம் "போகலாம்" என்றும் சொல்லக்கூடாது, "வேண்டாம்" என்றும் சொல்லக்கூடாது. வானிலை நம்முடையது, முடிவு அவருடையது. கேட்க எளிதாக இருக்கும். கடைப்பிடிக்க எளிதல்ல.

அந்த நாற்காலியைப் போட்ட அதிகாரி இதை எப்படிச் செய்வார் என்பதற்கு ஒரே ஒரு உதாரணம். ஒரு சித்திரை மாதக் காலையில் விமானப் பயிற்சிப் பள்ளி மாணவர் ஒருவர் வந்தார். நாமக்கல்லைத் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். தனியாக அவர் போகும் முதல் நீண்ட பயணம். வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. ஆனால் அவருடைய விமானத்தில் ஏதோ சரிபார்க்க வேண்டியிருந்ததால் கிளம்பத் தாமதமாகும் நிலை.

"போகலாங்களா சார்?" என்றார் மாணவர்.

"திரும்பி வரும்போது வெயில் எங்கே இருக்கும்?" என்று மட்டும் அதிகாரி கேட்டார்.

மாணவர் யோசித்தார். திரும்பும்போது பிற்பகலாகிவிடும். சித்திரை மாதப் பிற்பகலில் கொல்லிமலை மேல் இடிமேகம் எழும்பும் என்று பாடத்தில் படித்தவர்தான். எழுந்து, "நாளைக்குக் காலையில நேரத்துலயே வாரேனுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலை மழையும் வரவில்லை, இடியும் வரவில்லை. பள்ளியில் அவரைக் கேலி செய்தார்கள் என்று கேள்வி. அதிகாரி சொன்னார்: "மழை வராதது அவன் தப்பில்லை. வரும்னுதான் எனக்கும் பட்டுது. இன்னொரு நாள் இதே மாதிரி இருந்தா அவன் இதே முடிவைத்தான் எடுக்கணும்." முடிவு சரியா என்பதை அன்றைய மாலையை வைத்து அளக்கக்கூடாது என்று நான் அப்போது தெரிந்துகொண்டேன்.

இனி நான் சொல்ல வந்தது. நாள்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு என்பதால் அன்று நடந்த பேச்சு ஏறக்குறைய அப்படியே என்னிடம் இருக்கிறது.

தை மாதம். எடப்பாடிக்கும் சங்ககிரிக்கும் இடையே ஒரு ஊரில் கும்பாபிஷேகம். கோபுரக் கலசத்தில் புனித நீர் ஊற்றும் நேரத்தில் ஹெலிகாப்டரிலிருந்து பூ தூவ ஏற்பாடு. நம் பக்கத்தில் இது இப்போது வழக்கமாகிவிட்டது. பக்கத்து ஊரில் தூவினால் நம் ஊரிலும் தூவ வேண்டும். ஹெலிகாப்டர் முந்தின மாலையே வந்து நம் தளத்தில் நின்றது. அதை ஓட்டி வந்தவர் கேப்டன் விவேக். சென்னைக்காரர், முப்பதைத் தாண்டியவர், கலகலப்பான மனிதர்.

காலையில் அவர் என் அறைக்கு வந்தபோது கூடவே பட்டுப்புடவை கட்டிய பெண் ஒருவரும் வந்தார். பெயர் பூங்கொடி. பெங்களூரில் வேலை. கோயில் கமிட்டித் தலைவரின் மகள். அவர்தான் ஹெலிகாப்டரில் உட்கார்ந்து பூ தூவப் போகிறவர். ரோஜாவும் சாமந்தியும் அடைத்த மூட்டைகளை வெளியே வராந்தாவில் வைத்திருந்தார்கள். எங்கள் பங்குக் கோயில் தேர்பவனியில்கூட அவ்வளவு பூவை நான் ஒன்றாகப் பார்த்ததில்லை. அறை முழுக்க மணந்தது.

நம் தளத்தில் அன்று குறையே இல்லை. மேகம் இல்லை, காற்று இல்லை. மாடியில் நின்றால் சேர்வராயன் மலையின் மடிப்புகள்கூடத் தெரிந்தன. ஆனால் எனக்கு ஒரு உறுத்தல். இரவு முழுக்கக் காற்று அசையவில்லை. காவிரிப் பக்கம் கால்வாய்த் தண்ணீரை நிறுத்தி அதிக நாள் ஆகவில்லை. வயல்கள் இன்னும் ஈரம். விடிந்ததும் வந்த செயற்கைக்கோள் படத்தில் ஆற்றை ஒட்டி ஒரு மெல்லிய வெளிர்ப் பட்டை, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத அளவுக்கு.

"கோயில் பக்கம் எப்படி இருக்குன்னு விசாரிச்சீங்களா கேப்டன்?" என்றேன்.

"நானே கால் பண்ணிக் கேட்டுட்டேன் மேடம். சூப்பரா இருக்காம்."

"யாரைக் கேட்டீங்க?"

"கமிட்டித் தலைவரை. இவங்க அப்பா."

"என்னன்னு கேட்டீங்க?"

"வரலாமா சார்னு கேட்டேன். தாராளமா வாங்கன்னாரு."

பூங்கொடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கப்பாகிட்ட யாரு எப்ப வரலாமான்னு கேட்டாலும் வாங்கன்னுதான் சொல்லுவாருங்க கேப்டன். கடன் கேக்க வரலாமான்னு கேட்டுப் பாருங்க, சாப்பாட்டுக்கே வந்துருங்கம்பாரு."

கேப்டனும் சிரித்தார். ஆனால் அவர் செய்த பிழை அதுதான். வேறொரு விமான நிலையத்தைக் கேட்பது போல் அவர் கேட்டிருக்கிறார். எடப்பாடிப் பக்கத்தில் ஒருவரிடம் "வரலாமா?" என்று கேட்டால் வருவது வானிலை அறிக்கை அல்ல, அழைப்பு. வீட்டில் ஆளே இல்லாவிட்டாலும் "வராதீங்க" என்று சொல்ல நம் ஆட்களுக்கு நாக்கு எழாது. அந்தப் பண்பை நான் குறை சொல்லவில்லை. கேள்வியைத்தான் மாற்ற வேண்டும்.

பூங்கொடி தந்தையை அழைத்து, கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு என் மேசைமேல் வைத்தார். நாதஸ்வரமும் மைக் செட்டும் முதலில் வந்தன. பிறகு குரல். அவர் பெயர் நல்லமுத்து. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் வைத்திருக்கிறார்; வண்டிகள் வடக்கே பல மாநிலங்களில் ஓடுகின்றன.

"வணக்கமுங்க மேடம்! எல்லாம் ரெடியாயிருச்சுங்க. பள்ளிக்கூட கிரவுண்டுல சுண்ணாம்புல வட்டம் போட்டு வெச்சாச்சு. என்ற புள்ளைய பத்தரமா ஏத்தி உடுங்க."

"ஐயா, அங்கே வானம் எப்படி இருக்குதுங்க?"

"பளிச்சுனு இருக்குதுங்க. நீலமா. சும்மா சொல்லலீங்க, கோபுரத்துக்கு நேரா மேல பாத்துக்கிட்டேதான் பேசறேன்."

அவர் பொய் சொல்லவில்லை. இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். தரையை ஒட்டிப் படியும் மூடுபனி சில நாள் ஒரு தென்னை மர உயரம்தான் இருக்கும். அதன் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தால் நீல வானம் தெரியும், சூரியன் தெரியும். மேலே குறைந்த பனிதானே, கண் அதைத் தாண்டிப் போய்விடும். பக்கவாட்டில் பார்த்தால்தான் பனி முழு நீளத்துக்கும் குறுக்கே நிற்கும். மேலிருந்து வரும் விமானிக்கும் அப்படியே. நேர் கீழே கோபுரம் தெரியும். சாய்ந்து இறங்கத் தொடங்கியதும் எல்லாம் மறைந்துவிடும். அந்த வழியில் மேட்டூரிலிருந்து வரும் உயர் அழுத்த மின்கம்பிகள் வேறு வயல்களுக்கு மேல் போகின்றன.

கும்பாபிஷேகத்தன்று ஒரு ஊரில் யாராவது பக்கவாட்டில் பார்ப்பார்களா? கலசம் மேலே. ஐயர் மேலே. ஹெலிகாப்டர் வருவதும் மேலே. நீர் ஊற்றும் நேரத்தில் கருடன் வந்து வட்டமிடும் என்று ஊரே அண்ணாந்து நிற்கும். அன்று அந்த ஊரில் அத்தனை பேரும் நல்ல வானிலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் பூங்கொடியிடம், கோயிலிலிருந்து நேராகப் போகும் சாலை ஏதாவது உண்டா என்று கேட்டேன்.

"எங்கூட்டுக்குப் போற ரோடு நேராத்தானுங்க போகும். ஓரத்துல கரண்ட் கம்பம் இருக்குது."

"ஐயா, அந்த ரோட்டுல நின்னு எத்தனை கம்பம் தெரியுதுன்னு எண்ணிச் சொல்றீங்களா?"

"கோபுரத்துல தண்ணி ஊத்தப் போறாங்க, நீங்க கம்பம் எண்ணச் சொல்றீங்களே மேடம்! கரண்ட் ஆபீஸ்ல இருந்தா பேசறீங்க?"

"ஒரே ஒரு தடவை எண்ணுங்க ஐயா."

முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். மைக் சத்தம் தேய்ந்தது. "ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு…"

"அஞ்சு?"

"அஞ்சாவதும் அங்கதானுங்க இருக்குது. நான்தானுங்க அலைஞ்சு திரிஞ்சு அந்த லைனையே போட வெச்சேன்."

"அது இருக்குதுங்க ஐயா. இப்ப உங்க கண்ணுக்குத் தெரியுதுங்களா?"

பூங்கொடி கைபேசிப் பக்கம் குனிந்தார்.

"அப்பா, போர் போடற எடத்துல காட்டுக்காரரு வந்து, தண்ணி இருக்குதான்னு கேட்டா நீங்க என்னன்னு சொல்லுவீங்க?"

"இருக்குதுன்னு என்னிக்குச் சாமி சொல்லியிருக்கறேன்? புழுதி வந்தாப் புழுதி வருதும்பேன். கல்லு வந்தாக் கல்லு வருதும்பேன். வாரதத்தான் சொல்லோணும்."

"அதே மாதிரி இப்பச் சொல்லுங்கப்பா."

அவர் மறுபடி எண்ணினார். ஊருக்கு முன்னால் பெருமையாக நிற்க வேண்டிய காலை அது. அழைப்புப் பத்திரிகையில் ஹெலிகாப்டர் படம் போட்டு ஊரெல்லாம் கொடுத்திருந்தார். அத்தனையையும் ஒரு எண்ணால் அவரே தள்ளிவைக்க வேண்டும்.

"நாலுதானுங்க மேடம்" என்றார். "நாலாவதும் அரகொறதான்."

அங்கே கம்பத்துக்குக் கம்பம் சுமார் ஐம்பது மீட்டர் என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். நாலு கம்பம் என்றால் இருநூறு மீட்டர். கேப்டன் முகத்தில் சிரிப்பு இல்லை. அவருக்கு இனி விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

சரியாக அப்போது அவருடைய கைபேசி அடித்தது. நிறுவனத்திலிருந்து. இன்னும் கிளம்பவில்லையா, மதியம் வேறொரு இடத்தில் கல்யாணத்துக்குப் போக வேண்டுமே என்று. "டூ மினிட்ஸ் சார்" என்று வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மேடம், என் இடத்துல நீங்க இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"போகலாமா?" என்ற கேள்வி பல வேடத்தில் வரும். இது அதில் ஒன்று. களைத்திருக்கிறவர், நெருக்கடியில் இருக்கிறவர், முடிவின் பாரத்தை ஒரு நிமிடம் நம் மேசையில் இறக்கிவைக்கப் பார்ப்பார். அவர் மேல் இரக்கம் வரும். வாங்கிக்கொள்ளாதீர்கள். அதே சமயம் வெறுங்கையோடும் அனுப்பாதீர்கள்.

நான் சொன்னது இது: "நான் பறக்கத் தெரியாதவ கேப்டன். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். இங்கே எந்தத் தடையும் இல்லை. அங்கே இப்போ இருநூறு மீட்டர். பனி உயரம் குறைவு. மேலே மேகம் இல்லாததால வெயில் நேரா அது மேல விழுது. இந்த மாதிரிப் பனி பெரும்பாலும் வெயில் ஏற ஏறக் கலைஞ்சிடும். எப்போன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். கம்பம் சொல்லும்."

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நாற்காலியைத் திருப்பி ஜன்னலைப் பார்க்கவில்லை என்பதையும் கவனித்தேன். பிறகு, நல்லமுத்து இன்னும் இணைப்பில் இருந்த அந்த ஸ்பீக்கர் கைபேசியிடம் பேசினார்.

"சார், கேப்டன் பேசறேன். அந்த ரோடு கடைசி வரைக்கும் தெரியணும். அங்கேருந்து சங்ககிரி மலை தெரியும்ல? அதுவும் தெரியணும். ரெண்டும் தெரிஞ்சாதான் நான் ஸ்டார்ட் பண்ணுவேன். அது வரைக்கும் வரல சார்."

வரவில்லை என்ற சொல்லை அன்று முதலில் சொன்னவர் அவர். சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

"முகூர்த்தம் போயிருமே அம்மணி" என்றார் நல்லமுத்து. மேடம் என்பது அம்மணி ஆகியிருந்தது. குரல் இறங்கியிருந்தது. "பக்கத்தூருல போன வருசம் பூத் தூவிப்போட்டாங்க. நம்மூருக்கு வரலீன்னா அடுத்த கும்பாபிஷேகம் வரைக்கும் பன்னெண்டு வருசம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

நான் பதில் சொல்வதற்குள் பூங்கொடி முந்திக்கொண்டார். "தண்ணிய நேரத்துக்கு ஊத்தச் சொல்லுங்கப்பா. முகூர்த்தம் சாமிக்கு. பூவு நம்ம ஆசைக்கு. அது பொறவு வந்தா என்னாயிப்போச்சு?"

"ஏன் சாமி, பயந்துக்கிட்டயா?" என்று மகளைக் கேட்டார்.

"ஆமாங்கப்பா" என்றார் அவர். அவ்வளவுதான். நல்லமுத்து அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

காத்திருந்தோம். தேநீர் வரவழைத்தேன். கேப்டன் நிறுவனத்துக்குப் பேச வெளியே போய், காது சிவந்து திரும்பி வந்தார். என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. பூங்கொடி வராந்தாவுக்குப் போய், பூ வாடாமல் இருக்க மூட்டைகளைத் திறந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். பட்டுப்புடவையின் முந்தானை நனைந்ததை அவர் பொருட்படுத்தவில்லை.

என் மேசையிலேயே இருந்த பூங்கொடியின் கைபேசி அடித்தது. எடுத்ததும் பெரும் கூச்சல். மேளம், குலவை, மைக்கில் யாரோ முழங்கினார்கள். நடுவில் நல்லமுத்து கத்தினார்: "ஊத்தியாச்சுங்க அம்மணி! கருடன் வந்துருச்சுங்க! கோபுரத்தச் சுத்துது! சனமெல்லாம் கையெடுத்துக் கும்புடுது!"

"ரொம்ப சந்தோஷமுங்க ஐயா."

"சந்தோசம் இருக்கட்டுமுங்க. கருடனே வந்துருச்சு, உங்க ஹெலிகாப்டர் வரக்கூடாதாக்கும்?"

இதற்கு எந்தக் கையேட்டிலும் பதில் இல்லை. கேப்டன்தான் குனிந்து சொன்னார்: "சார், கருடனுக்கு வழியில கரண்ட் கம்பி வந்தா அது மேல உக்காந்து ரெஸ்ட் எடுத்துட்டு வரும். என்னால முடியாது சார்."

நல்லமுத்து சிரித்த சிரிப்பில் என் மேசைமேல் கைபேசி அதிர்ந்தது. சிரித்து முடித்து, நாங்கள் கேட்காமலே சொன்னார்: "செரி, கம்பம் ஆறாச்சுங்க. ஏழாவது தெரியற மாதிரி இருக்குது, ஆனா அதக் கணக்குல சேக்காதீங்க."

அந்த நேரம் முதல் எனக்குக் கவலை போய்விட்டது. பனி கலையவில்லை, ஆனால் அந்த ஊரில் நமக்கு ஒரு பார்வையாளர் கிடைத்துவிட்டார். கருடன் வந்த காலையில், ஊரே அண்ணாந்து நிற்கும்போது, ஒரு மனிதர் மட்டும் கோபுரத்துக்கு முதுகைக் காட்டிச் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் காட்சியை நான் நேரில் பார்க்கவில்லை. பார்த்தது போலவே நினைவிருக்கிறது.

அடுத்தடுத்து அழைத்தார். ஒன்பது. பன்னிரண்டு. பிறகு: "கம்பம் முடிஞ்சுருச்சுங்க அம்மணி. எங்கூட்டு மொட்டை மாடித் தண்ணித் தொட்டியே தெரியுது."

கேப்டன் எழுந்துவிட்டார். "மலை சார்?"

"மலை… அடிவாரம் தெரியுதுங்க. மேல கோட்டைச் செவுரு தெரியலீங்க, பஞ்சு மாதிரி மூடியிருக்குது." அவரே தொடர்ந்தார்: "தெரியுதுன்னு சொல்லிப்போட்டா இப்பவே கெளம்பிருவீங்க. சொல்ல மாட்டேன்."

தரைப் பனி சில நாள் கலையாமல், எழும்பித் தாழ்ந்த மேகமாக நின்றுவிடும். சாலை தெரியும், பறக்கும் உயரம் தெரியாது. கேப்டன் மறுபடி உட்கார்ந்தார். தன் நிபந்தனையைத் தானே தளர்த்தவில்லை. அதற்காக இன்றும் எனக்கு அவர் மேல் மதிப்பு.

அவருக்கு அடுத்த தேநீர் வந்து, அது ஆறியும் போன பிறகுதான் அந்த அழைப்பு வந்தது. "கோட்டைச் செவுரு தெரியுதுங்க. மேல இருக்கற மரங்கூடத் தெரியுது. வாங்க." இந்த "வாங்க"வுக்குப் பொருள் இருந்தது.

நான் மாடிக்குப் போய், ஹெலிகாப்டர் தென்மேற்கே புள்ளியாகும் வரை நின்று பார்த்தேன்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கோயிலில் எல்லாம் முடிந்து, அன்னதானம் நடந்துகொண்டிருந்தது. பந்தலுக்கு வெளியேயும் திறந்த வெளியில் பந்தி போட்டிருந்தார்கள். மாலையில் நல்லமுத்து அழைத்துச் சொன்னார்: "இலையெல்லாம் ரோசாப்பூவுங்க அம்மணி! சாம்பார் வாளிக்குள்ள சாமந்தி! கோபுரத்து மேல உழுந்தத விடச் சோத்து மேல உழுந்ததுதான் நெறையா. ஒருத்தரு எந்திரிக்கோணுமே! அப்படியே தலைல எடுத்து வெச்சுக்கிட்டுச் சாப்புடறாங்க. பக்கத்தூருல கோயிலுக்குத்தான் தூவுனாங்க, எங்கூருல ஆளுக்கே தூவிப்போட்டோம்னு இப்பவே பேச்சாயிப்போச்சு."

பூங்கொடியை ஊரிலேயே இறக்கிவிட்டு, எரிபொருள் நிரப்பக் கேப்டன் மட்டும் திரும்பி வந்தார். என் அறைக்கு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்த ஹைடென்ஷன் லைன் என் மேப்பில இருந்தது மேடம். இருக்குன்னு எனக்குத் தெரியும். ஆனா வெயில்ல தூரத்துலேருந்தே டவரைப் பார்த்தப்போதான், காலையில போயிருந்தா எந்த இடத்துல இறங்க ஆரம்பிச்சிருப்பேன்னு நினைச்சேன்." பிறகு, "நல்லமுத்து சாரோட அஞ்சாவது கம்பம் மாதிரிதான்" என்றார். கல்யாண வேலை வேறு விமானிக்குப் போய்விட்டதாம். அதைப் பற்றி வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவர் சேலம் வரும்போதெல்லாம் தகவல் கைபேசியில் இருந்தாலும் படியேறி வந்துவிட்டுத்தான் போனார்.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். விமானி நம்மிடம் வருவது அறிக்கைக்காக மட்டும் அல்ல. அறிக்கை இல்லாத இடத்தைப் பற்றி யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரிந்த ஒருவர் இங்கே இருக்கிறார் என்பதற்காக வருகிறார். ஆசையோடு காத்திருப்பவரிடம் "வானிலை எப்படி?" என்று கேட்காதீர்கள். அவர் கண்ணில் படுவது எது, படாதது எது என்று கேளுங்கள். மரம், கம்பம், தண்ணீர்த் தொட்டி, மலை, எதுவாயினும் சரி. அப்படிக் கேட்டால், தனக்கு நஷ்டமானாலும் உண்மையைச் சொல்பவர்கள் இந்தச் சமவெளியில் ஏராளம். இத்தனை வருட வேலையில் நான் கண்டது அது.

பல வருடம் கழித்து, நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய தை மாதத்தில், ஒரு காலை அலுவலகத்துக்குள் நுழைந்து பையை வைக்கும்போதே தொலைபேசி அடித்தது. வணக்கம்கூட இல்லை.

"அம்மணி, நல்லமுத்து பேசறனுங்க. இன்னிக்குப் பக்கத்தூருல கும்பாபிஷேகம். ஹெலிகாப்டர் வருதாமா. அந்தூருக்காரங்க உங்களுக்குப் பேசியிருப்பாங்க, வாங்கன்னு சொல்லியிருப்பாங்க. அத விடுங்க. நான் வண்டிய எடுத்துக்கிட்டு அந்தூரு ரோட்டுக்கே வந்துட்டேன். எட்டுக் கம்பம் தெரியுதுங்க. ஒம்பதாவது தெரியல."

"மேலே எப்படிங்க ஐயா இருக்குது?" என்று வேண்டுமென்றே கேட்டேன்.

"மேலயா?" என்றார். "மேல நான் இன்னும் பாக்கவே இல்லீங்க."